பதினான்கு மர முளைகள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்சாலை ஒன்றின் வாயிலில், காலை முறை முடிந்து வெளிவருவோர்க்கும் பிற்பகல் முறைக்கு உட்செல்வோர்க்கும் நடுவில் நின்று நான் பேசிக்கொண்டிருந்தேன். வாயிற்கூட்டத்தில் பேசுகிறவனுக்குக் கீழிருந்து துண்டுச் சீட்டு வருவது வழக்கம். 'சுருக்கிக்கொள்', 'காவலர் வந்துவிட்டார்', 'பின்வரிசைக்குக் கேட்கவில்லை' என்று நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ சீட்டுகளைக் கண்டிருக்கிறேன். கண்ணால் படித்தபடியே வாயால் பேச்சைத் தொடர்ந்திருக்கிறேன். அன்று வந்த சீட்டு, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற தோழர் ஏகாம்பரத்தின் கையெழுத்தில் இருந்தது.

"நூர் பாய் தவறிட்டாரு. முடிச்சிட்டு வா."

முடிக்க இயலவில்லை. தொடங்கிய தொடர் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது மறந்துபோயிற்று. ஒலிவாங்கியை அடுத்த தோழரின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். பாதியில் நிறுத்திய பேச்சு என் வாழ்வில் அது ஒன்றுதான்.

நூர் முகம்மது அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்தில், பள்ளிவாசலுக்குப் பின்தெருவில், இரண்டாம் மாடி வீடொன்றில் வாழ்ந்தவர். துறைமுகத்தை ஒட்டிய கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் குழாய் பொருத்துநராகப் பணியாற்றியவர். குளிர்க்கடல்களுக்குச் செல்லும் கப்பல்களில், மாலுமிகள் உறங்கும் அறைகளுக்கு வெந்நீரைக் கொண்டுசெல்லும் குழாய்களை அமைப்பதும் செப்பனிடுவதும் அவர் தொழில். காசிமேட்டில் மீன்பெட்டிக்கு உடைத்துப் போடும் கட்டிகளைத் தவிர வேறு பனியை அவர் கண்டதில்லை. ஆயினும் பனிக்கடலில் கிடக்கும் முகமறியா மனிதர்களுக்கு, வெயிலில் வெந்த நம் ஊரிலிருந்து அவர் சூடு அனுப்பிக்கொண்டிருந்தார்.

நான் அவரை முதன்முதலில் கண்டது எங்கள் தொழிலாளர் சங்கத்தின் ராயபுரக் கூடத்தில். வேலைநிறுத்தத்திற்கு முந்தைய நாள். நான் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் கடைசியில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியபடி, பல திங்களாக ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்குச் சினம் பொங்கியது. பேசி முடித்து இறங்கியபோது அவரே எதிரில் வந்தார்.

"ஜோரா பேசுன நைனா. ஒன்ற மணி நேரம்."

"நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லையே."

"காது கேட்டுகினு தான் இருந்துச்சு. கை சொம்மா இருந்துச்சு, அத்தான் வாசர மாத்திட்டேன். இப்ப ஒயுகல பாரு."

புது வளையம் போட்ட குழாய் ஒழுகவில்லை. அன்றுமுதல் அவர் எனக்கு நூர் பாய். நான் அவருக்கு நைனா. எந்த மேடையிலும் ஏறாதவர், எந்தப் பொறுப்பும் ஏற்காதவர், எங்கள் சங்கத்தின் எல்லாக் குழாய்களுக்கும் பொறுப்பானார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சங்கம் கோத்தகிரிக்கு அருகில் பழைய மாளிகை ஒன்றை விலைக்கு வாங்கியது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் புகையும் சாம்பலும் கலந்த காற்றை ஆண்டுக்கணக்கில் உண்டு நுரையீரல் தளர்ந்த எங்கள் உறுப்பினர்களும் குடும்பத்தினரும் சில கிழமைகள் தங்கி நல்ல காற்றை மூச்சிழுக்க ஓர் இடம் வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் கனவு. என் துணைவியார் பொன்னி எண்ணூரில் பிறந்தவர். ஒரு மாடி ஏறினால் மூன்று முறை நின்று மூச்சு வாங்குபவர். ஆகவே அக்கனவில் எனக்குத் தன்னலமும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. இல்லத்திற்கு 'நன்மூச்சகம்' என்று நான் பெயரிட்டேன். நூர் பாய்க்கு அது இறுதிவரை 'மல பங்களா' தான்.

வாங்கிய பிறகே ஒன்றை உணர்ந்தோம். அங்கிருந்த காற்று தூயது, ஆனால் குளிர்ந்தது. தளர்ந்த நுரையீரலைக் குளிர் இறுக்கிப் பிடிக்கும். விடியற்காலையில் சுவர்கூட நடுங்கும் அந்த வீட்டில் எங்கள் மக்களை எப்படித் தங்க வைப்பது? மாளிகையைக் கட்டிய தேயிலைத் தோட்ட முதலாளி அதற்கொரு வழி செய்து வைத்திருந்தார். நிலவறையில் கொதிகலன், அதிலிருந்து அறைதோறும் இரும்புக் குழாய், குழாயின் முனையில், விலா எலும்புகளை வரிசையாக நிறுத்தியது போன்ற வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள். கொதிகலனில் காய்ந்த வெந்நீர் அவற்றுக்குள் ஓடி அறையைச் சூடாக்கும். பல்லாண்டுகளாக எவரும் அவற்றைத் தொடவில்லை.

நூர் பாய் மலைக்கு வந்தார். ஒவ்வோர் இரும்பையும் திருகுச்சாவியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். ஒன்றரைத் திங்கள் அங்கேயே தங்கிக் குழாய்களைக் கழற்றி, கருஞ்சேறாய்க் கட்டியிருந்த துருவைக் கழுவினார். கொதிகலனை மாற்றி எரிவாயுவில் எரிவது ஒன்றை வைத்தார். முதல்முறை வெந்நீர் விட்டபோது ரேடியேட்டர்களின் அடிப்பாதிதான் சூடாயிற்று, மேற்பாதி சில்லென்றிருந்தது. அவர் இடுப்பிலிருந்து ஒரு சிறு பித்தளைச் சாவியை எடுத்து, ரேடியேட்டரின் தலைப்பக்கத்தில் இருந்த திருகைக் கால் சுற்று தளர்த்தினார். உள்ளே அடைபட்டிருந்த காற்று நீண்ட பெருமூச்சாய் வெளியேறியது. பின்னர்த் தண்ணீர் துளிர்த்தது. புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மேலிருந்து கீழ்வரை ஒரே சூடு.

"மொதல்ல இதுக்கு மூச்சு வரணும் நைனா. அப்பால தான் நம்ம ஜனத்துக்கு" என்றார்.

அந்த ஆண்டே பழைய மாளிகையின் அறைகளில் எங்கள் மக்கள் தங்கத் தொடங்கினார்கள். போதவில்லை. பத்துப் படுக்கைகள் கொண்ட புதிய கூடம் ஒன்றைப் பக்கத்தில் கட்டினோம். கட்டடம் கூரை ஏறியதும் நான் எண்ணூர் மேடையில், "மார்கழி பிறக்கும் முன் பத்துப் படுக்கைகளும் திறக்கப்படும், இது என் நாக்கு அன்று, உங்கள் செயலாளரின் நெஞ்சு சொல்லும் சொல்" என்று முழங்கினேன். மூச்சு வாங்கும் தாய்மார்கள் கைதட்டினார்கள். மேடையில் ஒரு நாளைக் குறிப்பது எளிது.

புதிய கூடத்திற்கென, வெளிநாட்டில் வாழும் தோழர் ஒருவர் புதுவகை வெப்பமூட்டிகளை அனுப்பியிருந்தார். முழங்கால் உயரமும் இல்லாத, நீண்டு மெலிந்த தகரப் பெட்டிகள். உள்ளே ஒரு செப்புக் குழாய். அதைச் சுற்றி ஏடுபோல் அடுக்கிய மெல்லிய தகடுகள். சுவரின் அடியில், தரையை ஒட்டிப் பொருத்த வேண்டியவை. 'தரையொட்டி வெப்பமூட்டி' என்று அவற்றுக்குப் பெயர் சூட்டியவன் நான். நூர் பாய் 'பேஸ்போர்டு' என்றார். பெயர் சூட்டிய நானே அவற்றைத் தரையை ஒட்டி இருக்கவிடவில்லை.

ஏன் என்பதைச் சொல்கிறேன். கொருக்குப்பேட்டையில், தண்டவாளத்துக்குத் தாழ்வான தெருவில் வாழ்கிறவன் நான். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் அழையாமல் வரும், தங்கும், தானாகப் போகும். குளிர்ப்பெட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருப்போம். மின்செருகிகளை நெஞ்சுயரத்தில் வைத்திருப்போம். எங்கள் தெருவில் விலை கொடுத்து வாங்கிய எதையும் தரையில் வைக்க எவருக்கும் கை வராது. அந்தக் கையோடுதான் நான் மலைக்குப் போயிருந்தேன்.

கொத்தனார்கள் உண்ணச் சென்றிருந்தனர். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

"பாய், இவற்றை நெஞ்சுயரத்தில் பொருத்துங்கள்."

"இன்னாத்துக்கு?"

"தண்ணீர் பட்டால் கெட்டுவிடும்."

"அதுக்கு உள்ளயே தண்ணி தான் ஓடுது நைனா."

"நான் சொல்வது வெளித் தண்ணீரை. மழை பெய்து வெள்ளம் வந்தால்?"

அவர் சாளரத்தைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தார். ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே பள்ளத்தாக்கு மஞ்சில் மறைந்து கிடந்தது.

"இங்க வெள்ளம் வந்துச்சுன்னா மெட்ராஸுல ஒருத்தன் மிச்சம் இருக்க மாட்டான். அப்பால யாருக்கு ஹீட்டரு?"

நான் சிரிக்கவில்லை. திறப்பு விழாவுக்கு ஒன்பது நாட்களே இருந்தன. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் அருகில் வந்தார்.

"சூடு மேல போற ஜாதி. கீழ வெச்சா தான் கட்டில்ல படுத்துகினு இருக்கற ஆளுக்குக் கிடைக்கும். இன்னொண்ணு. பழசையும் புதுசையும் ஒரே லைன்ல கோக்காத. இரும்பு மெதுவா சூடாவும், மெதுவா ஆறும். இந்தத் தகரம் சட்டுனு சூடாவும், சட்டுனு ஆறும். ரெண்டுக்கும் ஒரே தெர்மோஸ்டாட்டு வெச்சா அது தகரத்துக்குத் தான் பதில் சொல்லும், இரும்ப மறந்துடும். தனித்தனி லைனு, தனித்தனி தெர்மோஸ்டாட்டு. மூணு வாரம் குடு."

தெர்மோஸ்டாட்டு என்று அவர் குறித்தது, அறை போதிய அளவு சூடேறியதும் கொதிகலனை அணைத்துவிடும் கட்டுப்பாட்டுக் கருவியை. ஒன்றுதான் வந்திருந்தது. மூன்று கிழமை பொறுத்தால் மார்கழி பாதி போய்விடும். நான் மேடைக்குரலில் அவருக்கு மறுமொழி சொன்னேன். சொல் தவறாமை பற்றியும், காத்திருக்கும் தாய்மார்கள் பற்றியும், தொழில்நுட்பம் மனிதனுக்குப் பணிய வேண்டுமேயன்றி மனிதன் தொழில்நுட்பத்துக்குப் பணிதல் ஆகாது என்பது பற்றியும் பேசினேன்.

"இங்க மைக்கு இல்ல நைனா, மெதுவாவே பேசு" என்றார் அவர். பிறகு கேட்டார்: "இத்த சொல்றது யாரு? என் தோஸ்தா, செயலாளரா? தோஸ்து சொன்னா செய்ய மாட்டேன். செயலாளர் சொன்னா செய்யறேன்."

"செயலாளர் சொல்கிறேன்."

"சரி" என்று திருகுச்சாவியை எடுத்துக்கொண்டார்.

பதினான்கு துளைகள், நெஞ்சுயரத்தில், ஒரே நேர்கோட்டில் சுவரில் துளைக்கப்பட்டன. வெப்பமூட்டிகள் அவற்றில் தொங்கின. கட்டுப்பாட்டுக் கருவி அவற்றுக்கு நேர்மேலே அமர்ந்தது. பழைய குழாயும் புதிய குழாயும் ஒரே வழியில் கோக்கப்பட்டன. விழா குறித்த நாளில் நடந்தது. சென்னையிலிருந்து இரண்டு பேருந்துகளில் வந்திருந்த தோழர்கள் கூடத்தை நிறைத்து நின்று வியர்த்தார்கள். கூட்டத்தின் உடற்சூட்டை நான் குழாயின் சூடு என்று எண்ணிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் விடியலில் பொன்னியின் மூச்சொலி என்னை எழுப்பியது. நாங்கள் பழைய மாளிகையின் அறையில் இருந்தோம். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரு கைகளாலும் கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தார். பேச்சு வரவில்லை. நான் ரேடியேட்டரைப் புறங்கையால் தொட்டேன். காசிமேட்டு மீன்பெட்டியைத் தொட்டது போல் இருந்தது. புதிய கூடத்துக்கு ஓடினேன். அங்கே கட்டில்களில் எல்லாரும் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்கள், தரை சில்லிட்டிருந்தது. ஆனால் என் நெஞ்சுக்கு மேலே காற்று இளஞ்சூடாய் இருந்தது. அந்தச் சூட்டில் குளித்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டுக் கருவி, உலகமே வெதுவெதுப்பாய் இருப்பதாக எண்ணி, கொதிகலனை மீண்டும் மீண்டும் அணைத்துக்கொண்டிருந்தது. இரும்பு சூடேறப் பொழுதே கிடைக்கவில்லை.

பொன்னியையும், மூச்சிறைத்த வேறு இருவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். மூவரும் பிழைத்தார்கள்.

மறுநாள் மாலை நூர் பாய் வந்தார். நேராக மருத்துவமனைக்கு வந்து கட்டிலருகே நின்றார். பொன்னி மூச்சுக்கருவியை விலக்கிவிட்டு, "இன்னாண்ணே, உங்க இரும்பு என் மேல கோச்சுக்கிச்சா?" என்றார்.

"அது உன் மேல கோச்சுக்குமா தங்கச்சி? வேற ஒருத்தர் மேல கோவம். உன் மேல காட்டிடுச்சு. நான் போய்ப் பேசிக்கறேன்."

என்னை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. 'சொன்னேனே' என்று ஒருமுறை அவர் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாய் இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

அடுத்த கிழமை ராயபுரத்தில் பொதுக்குழு கூடியது. மலைமேல் வீடு வாங்கியதே வீண் என்று முன்பிருந்தே ஒரு சாரார் கூறிவந்தனர். இப்போது அவர்கள் கையில் மூன்று நோயாளிகள் கிடைத்தார்கள். மாளிகையை விற்றுவிடலாம் என்ற தீர்மானம் எழுதியே கொண்டுவரப்பட்டிருந்தது. அது நிறைவேறினால் எண்ணூர்த் தாய்மார்களுக்கும் பொன்னிக்கும் போக்கிடம் இல்லை. கூச்சலுக்கு நடுவில் ஒருவர் எழுந்து, "அந்தப் பைப்ப போட்டது யாருய்யா?" என்று கேட்டார்.

பின்வரிசையிலிருந்து நூர் பாய் எழுந்தார்.

"நான் தான் போட்டேன். என் கையி. ஒரு மாசம் குடுங்க, ஒயுங்கா பண்ணித் தரேன். பங்களாவ மட்டும் வித்துடாதீங்க."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. குழாயை இணைத்தது அவர் கைதான். நான் எழுந்தேன். வாய் திறப்பதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார்.

"குந்து நைனா. இது பைப்பு வேல. பேச்சு வேல இல்ல."

அவை சிரித்தது. சிரித்த அவை இளகியது. ஒரு திங்கள் தவணை கொடுக்கப்பட்டது. நான் உட்கார்ந்தேன். ஆயிரம் மேடைகளில் எழுந்து நின்றவன் நான். அன்று உட்கார்ந்ததுதான் என் வாழ்வில் நான் செய்த பெரும்பிழை. வெப்பமூட்டியை உயரத்தில் மாட்டியதுகூட அதற்கு அடுத்ததே.

கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். குவளையை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"உன்ன எறக்குனா பங்களாவ வித்துடுவானுங்க. என்ன எறக்குனா இன்னா? நான் எப்பவும் தரையில குந்திகினு தான் பைப்பு மாட்றேன். இதுக்குக் கீய எங்க எறக்கறது?"

"நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும் பாய். அடுத்த கூட்டத்தில்..."

"இப்ப சொன்னா வூடு பூடும். பொன்னி எங்க போவா? அப்பால, எப்பனா உனக்கே தோணுச்சுன்னா சொல்லு. ஆனா மைக்குல சொல்லாத நைனா. மைக்குல சொன்னா அதுவும் ஒரு ஜோரான பேச்சாப் பூடும்."

மறுநாளே இருவரும் மலையேறினோம். நான் அவருக்கு எடுபிடியானேன். இருபத்தெட்டு நாட்கள் அவர் கேட்ட திருகியை எடுத்துக் கொடுத்தும், சேற்றுத் தண்ணீரை வாளியில் சுமந்தும் நின்றேன். வெப்பமூட்டிகளை இறக்கித் தரையை ஒட்டிப் பொருத்தினார். கொதிகலனின் வாயிலேயே வழியை இரண்டாகப் பிரித்து, இரும்புக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று என அமைத்தார். பழைய மாளிகையின் நடுக்கூடத்தில், எந்தச் சூடும் நேராகப் படாத சுவரில், இரும்புக்கென்று தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்தார். பழைய துரு புதுக் குழாய்க்குள் புகாமல் வடிகட்டி ஒன்று. இரும்பும் செம்பும் சேருமிடத்தில் ஒரு பித்தளைத் துண்டு.

"நேராக் கட்டிப் போட்டா இது ரெண்டும் ஒண்ண ஒண்ணு துன்னும். நடுவுல பித்தள இருந்தா ரெண்டும் ரீஜன்டா குடும்பம் நடத்தும்" என்றார்.

வேலை முடிந்தது. சுவரில் மட்டும் நெஞ்சுயரத்தில் பதினான்கு துளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. சுண்ணம் குழைத்து அவற்றை அடைக்க நானே முனைந்தேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். வெளியே கிடந்த தைல மரக் கொம்புகளைச் சீவி, பதினான்கு முளைகளாக்கி, ஒவ்வொரு துளையிலும் அடித்து இறுக்கினார்.

"கம்பளிய இதுல மாட்டட்டும். கீயந்து சூடு ஏறும். காத்தால எடுத்துப் போத்திகினா அடுப்புலந்து எடுத்த ரொட்டி மாதிரி இருக்கும். ஒசரம் சரியாத் தான் சொல்லிக்கீற நைனா. பொருளத் தான் மாத்திச் சொல்லிட்ட."

அவ்வளவுதான். என் பிழையைப் பற்றி அவர் என்னிடம் பேசிய முதலும் கடைசியுமான சொற்கள் அவை.

அந்தக் குளிர்காலம் முதல் நன்மூச்சகத்தில் எவரும் குளிரால் மூச்சிறைத்து மருத்துவமனை ஏறியதில்லை. ஆனால் சங்கத்தில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் கூடத்துக்குள் நுழைந்தால், "வாங்க குளிரு பாய்", "பாய் வந்துட்டாரு, ஃபேன நிறுத்துங்கப்பா" என்பார்கள். அவரும், "ஒரு டீ சொல்லு, சூடு பண்ணித் தரேன்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பொலி எழும்போதெல்லாம் நான் கையிலிருக்கும் தாளைப் படிப்பவனாக நடித்தேன். பதினோர் ஆண்டுகள் நடித்தேன். ஆண்டுதோறும் ஐப்பசியில் அவர் மலைக்குச் சென்று, பித்தளைச் சாவியால் ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் மூச்சுவிட்டுத் திரும்புவார். பொன்னி ஆண்டுக்கு இரண்டு திங்கள் அங்கே தங்கி வருகிறார். இப்போது அவர் எங்கள் வீட்டு மாடிப்படியை ஒரே ஒரு முறை நின்று ஏறுகிறார்.

கடைசியாக அவரைக் கண்டது அவர் மறைவதற்கு மூன்று கிழமைக்கு முன். நெஞ்சுவலி வந்து தேறி வீட்டில் படுத்திருந்தார். மகள் ஆயிஷா கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தவிப்பதை அவர் கண்டுகொண்டார்.

"இன்னா நைனா, மொகம் ஒரே பேஜாரா கீது?"

"இன்னும் சொல்லவில்லை பாய்."

"நேரம் ஆவும். நீ இரும்பு."

"அத்தா, பேசாம கஞ்சியக் குடிங்க" என்றார் ஆயிஷா. அவர் ஒரு வாய் கஞ்சி குடித்தார்.

சீட்டு வந்த நாள் மாலை, ராயபுரத்து அடக்கத்தலத்தில், பள்ளிவாசல் தொழுகை முடிந்து அவரை மண்ணுக்குள் இறக்கினோம். வந்தவர்கள் வரிசையாய்க் குனிந்து மும்முறை மண் அள்ளிப் போட்டார்கள். நானும் போட்டேன். திரும்பி நடக்கையில் பின்னால் ஒரு குரல், உண்மையான துயரத்தோடு, "குளிரு பாய் பூட்டாரே" என்றது.

நான் நின்றேன். ஒலிவாங்கி இல்லை. மேடை இல்லை. ஏறத்தாழ இருபது பேர் கையில் மண்ணோடு நின்றார்கள். என் தொண்டையில் பழகிய குரல் எழவில்லை; யாரோ ஒருவனுடைய மெலிந்த குரல் வந்தது.

"அந்தப் பெயர் அவருக்கு உரியதன்று. வெப்பமூட்டியை நெஞ்சுயரத்தில் மாட்டச் சொன்னவன் நான். ஒரே குழாயில் கோக்கச் சொன்னவனும் நான். அவர் வேண்டா என்றார். நான் செயலாளராய் நின்று ஆணையிட்டேன். அவர் பழியை ஏற்றார், நான் உட்கார்ந்துவிட்டேன்."

ஏகாம்பரம் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு என் அருகில் வந்தார்.

"தெரியும்பா."

"பாய் சொன்னாரா?"

"பாயா? அவரு வாயப் பத்தி உனக்குத் தெரியாதா? அந்த மொள சொல்லிச்சு. ஸ்வெட்டர மாட்டும்போது நெனச்சேன், இன்னாடா இது, ஹீட்டரு மாட்ன ஓட்ட நெஞ்சு ஒசரத்துல கீதுன்னு. பாய் வூடு ரெண்டாவது மாடி. அவரு வாய்க்கையில தண்ணி பூந்து பாத்ததே இல்ல. ஒரு பொருளப் பாத்ததும் தூக்கி ஒசரத்துல மாட்றவன் உங்க தெருக்காரனாத் தான் இருப்பான்."

"தெரிந்துமா அப்படி அழைத்தீர்கள்?"

"அவரு சிரிச்சாரு, நாங்க கூப்ட்டோம். உன்ன அப்டிக் கூப்ட்டா நீ சிரிப்பியா?" என்ற ஏகாம்பரம், என் தோளில் கையை வைத்தார். மண் ஒட்டிய கை. "வா, டீ சாப்டலாம்."

நூர் பாய், நீங்கள் கேட்டபடி மைக்கில் சொல்லவில்லை. இதை எழுத்தில் வைப்பது அங்கு நின்ற இருபது பேருக்கு அப்பால் இருப்போரும் அறிவதற்காக. என் துணைவியாரின் மூச்சுக்கு நான் உங்களுக்கு நன்றியுடையவன். நீங்கள் காப்பாற்றித் தந்த இல்லத்துக்கு எங்கள் மக்கள் நன்றியுடையவர்கள். என்னை அவமதிக்காமல், அவசரப்படுத்தாமல், பதினோர் ஆண்டுகள் காத்திருந்தீர்களே, அதற்கான நன்றியைச் சொல்ல என் தமிழில் நான் இன்னும் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஐப்பசியில் ரேடியேட்டர்களுக்கு மூச்சுவிட நானும் ஏகாம்பரமும் போகிறோம். பித்தளைச் சாவியை ஆயிஷா எடுத்து வைத்திருக்கிறார். நேற்று நன்மூச்சகத்திலிருந்து பொன்னி பேசினார். செய்தியறிந்து, கூடத்திலும் மாளிகையிலும் தங்கியிருந்தவர்கள் எல்லாரும் காலையில் கூடத்தில் கூடி நின்றார்களாம். பிறகு ஒவ்வொருவராய்ச் சுவரோரம் சென்று, அவரவர் முளையிலிருந்து சூடேறியிருந்த கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டார்களாம். பதின்மூன்று முளைகள் வெறுமையாயின. பதினான்காவதில் பொன்னி தம்முடைய சால்வையை எடுக்காமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்.

"அது அண்ணனுக்கு" என்றார்.

போய் வாருங்கள், பாய். சால்வை சூடாக இருக்கிறது.